மாமியின் நேர்த்தி

“அக்கா, மகள் செத்து வருசம் திரும்பேல்லை, ஆட்டைத் திவசம் இன்னும் முடியேல்லை. மலைக்கோயில் ஏறக்கூடாதெல்லோ?”

பஸ் ஒழுங்கு செய்த ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை, கையில் பாதி கடித்த மட்டன் ரோலோடு ஓடி வந்து கேட்டார்.

சுசிலா மாமி செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

“அது எங்கட முருகனுக்கு, ஸ்ரீ. மாதாவுக்கு இந்தச் சட்டம் ஒண்டும் தெரியாது. நீர் போய் ரோலைச் சாப்பிடும், ஆறப்போகுது.”

ஹரோவிலிருந்து லூர்துக்குப் போகும் யாத்திரை பஸ் அது. வழியிலிருந்த ஒரு மலையூருக்குள் பாதை ஒடுக்கம் என்பதால் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. வந்தவர்களில் பாதிப்பேர் நிழல் தேடிப் பாய் விரித்து, சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பழைய பிரெஞ்சு ஊர் எங்கே ஓடிவிடப் போகிறது?

அந்த ஊர் மலையைப் பிடித்துக்கொண்டு ஏறிப்போனது. ஒரு வீட்டின் கூரை முடிகிற இடத்தில் அடுத்த வீட்டின் வாசல். எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில், சின்னதாக ஒரு மாதா கோயில். பாரிஸில் இருந்த காலத்தில் கைக்குழந்தையாக இருந்த மகள் தாரகாவைத் தூக்கிக்கொண்டு மாமி வந்த கோயில்.

ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை யுவனேஸ்வரனைப் பார்த்தார். மருமகனாவது தடுக்க மாட்டானா என்ற பார்வை.

தடுக்கத்தான் அவனும் வந்திருந்தான்.

அடுத்த மாதம் மாமிக்கு முழங்காலில் ஒபரேஷன். இந்தக் கற்படிகளில் வழுக்கி விழுந்தால் என்ன ஆவது? மனைவி தாரகா இறந்த பிறகு, புலம்பெயர்ந்த நாட்டில் அவனுக்கென்று மிஞ்சியது இந்த ஒரு மனுஷிதான். தினமும் வேலை முடிகிற நேரம் பார்த்து ஸ்ட்ரெதமிலிருந்து மாமியின் போன் வரும். சாப்பிட்டீங்களோ தம்பி? அவன் ஓம் என்பான். பிறகுதான் ஏதாவது சாப்பிடுவான், பொய்யாகிவிடக்கூடாதே என்று.

அதைவிட இன்னொன்றும் அவனை அறுத்துக்கொண்டிருந்தது.

கேட்டது கிடைத்தவர்கள்தான் நேர்த்தி தீர்ப்பார்கள். பரீட்சை பாஸானால் மொட்டை. விசா கிடைத்தால் காவடி. கிடைக்காவிட்டால் யாரும் ஒரு தேங்காய்கூட உடைப்பதில்லை. தாரகாவுக்கு முப்பத்தொரு வயது. நோய் அவளைக் கொண்டுபோய் எட்டு மாதமாகிவிட்டது. மாமிக்கு எது கிடைத்தது, வெறுங்காலோடு மலையேறி நன்றி சொல்ல?

அதை அவரிடம் கேட்டுவிட வேண்டும் என்று வழி முழுக்க நினைத்தான். கேட்டால் அவர் உடைந்துபோவார் என்றும் நினைத்தான்.

மாமி ஏறத் தொடங்கினார். அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

ஒழுங்கையின் இரு பக்கமும் நீலச் சாளரங்கள். ஒரு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கிழவர் மாமியின் பாதங்களைப் பார்த்தார். எழுந்து, நாற்காலியைச் சுவரோடு தள்ளி வைத்து வழிவிட்டார்.

“மெர்சி,” என்றார் மாமி, பாரிஸ் காலத்துக் குரலில்.

பாதி ஏறியதும் அவருடைய வலது கால் நடுங்கத் தொடங்கியது. மதில் ஓரமாக, ஒரு படியில் இருத்தினான். கீழே திராட்சைத் தோட்டங்கள். அவற்றுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் பஸ்.

“திரும்பிப் போவம், மாமி.”

“போங்கோ தம்பி. நான் மெல்ல மெல்ல ஏறிக்கொள்ளுவன்.”

அவனுக்கு அடக்க முடியவில்லை.

“கேட்டதை மாதா தரேல்லையே, மாமி. பிறகென்ன நேர்த்தி?”

சொன்ன உடனேயே வாயை மூடிக்கொண்டான். காலம் கடந்துவிட்டது.

மாமி உடையவில்லை. குதிக்காலில் ஒட்டியிருந்த சிறு கல்லைத் தட்டிவிட்டார்.

“தந்தவ, தம்பி.”

அவன் அவரைப் பார்த்தான். அவர் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளையைக் காப்பாத்து எண்டு முதல் கேட்டனான்தான். கடைசியிலை அப்பிடிக் கேக்கேல்லை. அந்த வியாழக்கிழமை இரவு, போர்வை பட்டதுக்கே துடிச்சாளெல்லோ? காணும் தாயே, பிள்ளை பட்டது போதும், இனிக் கூட்டிக்கொண்டு போ, வெறுங்காலோட வாறன் எண்டு கேட்டனான். விடிய முதல் கூட்டிக்கொண்டு போயிட்டா.”

மேலே எங்கேயோ ஒரு சாளரத்தைத் திறந்து யாரோ விரிப்பை உதறினார்கள்.

“பெத்தவள் கேக்கிற காரியமே அது? ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்கட முகத்தைப் பார்க்கவே எனக்கு ஏலாமல் கிடந்தது. அதுதான் போனிலை மட்டும் கதைச்சனான்.”

யுவனேஸ்வரன் அவருக்குப் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தான்.

பிறகு குனிந்து தன் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தான். காலுறைகளையும் இழுத்துக் கழற்றினான்.

“நீங்கள் ஏன் தம்பி? உங்களுக்கு இதிலை நேர்த்தி ஒண்டும் இல்லையே.”

“இருக்கு, மாமி,” என்றான். “நீங்கள் அவளின்ர கட்டிலுக்கு அங்காலை இருந்து கேட்டனீங்கள். நான் இங்காலை இருந்து அதையே கேட்டனான்.”