சிலிண்டரில் மிச்சம்

குளியலறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, வெளுத்துக் குளிர்ந்திருந்த அந்த உடம்பை இரு கைகளாலும் மார்போடு அணைத்துத் தூக்கினார் ரோலண்ட். மூச்சு வாங்கியது.

"உள்ள யாரு கூட இருக்க?" என்று வெளியிலிருந்து கேட்டாள் மனைவி மார்லிஸ்.

"புரொபேன் சிலிண்டர் கூட. ஆராய்ச்சி நடக்குது, தொந்தரவு பண்ணாத."

"ஆராய்ச்சி முடிஞ்சதும் தரையைத் துடைச்சிட்டு வா."

விஸ்கான்சினில் பனி உருகியதும் ஆளாளுக்குக் கராஜ் வாசலில் அடுப்பை மூட்டிப் பீர் காய்ச்சத் தொடங்கிவிடுவார்கள். அதைப் பற்றி வகுப்பெடுக்கத் தகுதியுள்ளவர் ரோலண்ட் ஒருவர்தான் என்பது ரோலண்டின் தாழ்மையான கருத்து. அன்று ஊர் பீர் சங்கமே அவர் வாசலில் கூடவிருந்தது. அவர் காய்ச்சிக் காட்டுவார், முடிந்ததும் தலைவர் தேர்தல். எதிர்த்து நிற்பவர் டெல்மர் என்ற பால் பண்ணைக்காரர்.

சிலிண்டரைத் தனியாக எடை மெஷினில் வைத்தால் அதன் அடிப்பாகம் எண்ணை மறைத்துவிடும். அதனால் அதைக் கட்டிக்கொண்டே ஏறி நின்று, ஒரு பக்கமாக எட்டிப் பார்த்து எண்ணைப் படித்தார்.

தன் எடையைத் தனியாகப் பார்க்க அவருக்கு அவசியம் ஏற்படவில்லை. சட்டைப்பையில் இருந்த ஓட்டுநர் உரிமத்தில் அரசாங்கமே அதை அச்சடித்துக் கொடுத்திருந்தது. அரசாங்கத்தைச் சந்தேகிக்கும் கெட்ட பழக்கம் அவரிடம் இல்லை. மெஷின் காட்டியதிலிருந்து அந்த எடையையும், சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருந்த வெற்று எடையையும் கழித்தார். மிச்சம் பதினான்கு பவுண்டு எரிவாயு. இன்றைக்கு ஆறே போதும்.

சங்கத்தார் மடக்கு நாற்காலிகளோடு வந்து சேர்ந்தார்கள். டெல்மர் சிலிண்டரை ஒரு பார்வை பார்த்தார்.

"என் டிரக்குல ஒண்ணு நிறைஞ்சு கிடக்கு. எதுக்கும் இருக்கட்டும், இறக்கி வைக்கவா?"

"கணக்குத் தெரியாதவங்கதான் எதுக்கும் இருக்கட்டும்னு வச்சுக்குவாங்க, டெல்மர். கேஸ் எவ்வளவு இருக்குன்னு நீ எப்படிக் கண்டுபிடிப்ப?"

"மேல கொஞ்சம் வெந்நி ஊத்தித் தடவிப் பாப்பேன். எது வரைக்கும் சில்லுன்னு இருக்கோ, அது வரைக்கும் கேஸ்."

"மாடு சினையான்னு தடவிப் பாக்கற மாதிரி."

"மாடு இதுவரைக்கும் என்னை ஏமாத்தினதில்லப்பா."

நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது. சிரிப்பு ஓட்டாக மாறிவிடக்கூடும் என்று ரோலண்டுக்குத் தெரியும். கையை உயர்த்தினார்.

"தடவிப் பாக்கறது குத்துமதிப்பு. நிறுத்துப் பாக்கறது விஞ்ஞானம். உள்ள பதினாலு பவுண்டு இருக்கு. எல்லாம் முடிஞ்ச பிறகும் எட்டு மிஞ்சும். என் கணக்கு தப்பாப் போனா ஓட்டே வேணாம், தலைவர் பதவியை டெல்மரே எடுத்துக்கட்டும்."

இதைக் கைதட்டி வழிமொழிந்தார்கள். இலவச பீர் கிடைக்கும் இடத்தில் எதையும் வழிமொழிவார்கள்.

அடுப்பு சீறியது. பெரிய அண்டாவில் முளைகட்டிய பார்லியின் மால்ட் சாறு கொதி வந்தது. இனி ஒரு மணி நேரம் விடாமல் கொதிக்க வேண்டும், இடையில் நின்றால் அத்தனையும் பாழ். ரோலண்ட் பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டு, விஞ்ஞானத்தின் வரலாற்றைத் தொடங்கினார். அவர் இரண்டாம் நூற்றாண்டைத் தொடுவதற்குள் நீலச் சுடர் குட்டையாகி, இரண்டு முறை இருமி, அணைந்தது.

டெல்மர் மரியாதைக்காக மேகங்களைப் பார்த்தார்.

"லீக்" என்றார் ரோலண்ட்.

டெல்மர் சோப்பு நுரையைக் குழாய் நெடுகத் தடவிப் பார்த்தார். "ஒரு குமிழிகூட வரலப்பா."

"அப்ப மெஷின்தான் கோளாறா இருக்கணும்."

"போன வாரம் கடையில டெல்மர் பக்கத்துல நின்னப்பதானே மெஷினை வாங்கின? அங்கயே சோதிச்சுத்தானே குடுத்தாங்க" என்றார் ஒரு நாற்காலிக்காரர்.

ரோலண்டுக்கு முகம் சிவந்தது. ஒரு சாக்கட்டியை எடுத்து, சங்கத்தார் முன்னிலையில் சிமெண்டுத் தரையில் பெரிது பெரிதாக எழுதிக்கொண்டே படித்தார்.

"மெஷின் காட்டினது இருநூத்தி இருபத்தாறு. வெறும் சிலிண்டர் பதினேழு. நான் நூத்தித் தொண்ணூத்தஞ்சு. ரெண்டையும் கழிச்சா பதினாலு. இதுல எங்க தப்பு? தெரிஞ்சவங்க சொல்லுங்க பாப்போம்."

சுட்ட சாசேஜ் தட்டோடு வந்த மார்லிஸ் நின்று, தரையில் இருந்த கணக்கை மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தாள்.

"ரோலண்ட், நூத்தித் தொண்ணூத்தஞ்சு நம்ம கல்யாணத்தப்ப."