அறுபதாவது மடக்கு

செண்பகவல்லியின் முழங்கால்கள் இரண்டும் ஒரு நாளைக்கு அறுபது தடவைதான் முழுதாக மடங்கும். பொருத்திய செயற்கை மூட்டு தேயாமலிருக்க அப்படி ஒரு கட்டுப்பாடு. அறுபது முடிந்தால் மறுநாள் விடியும்வரை கால்கள் உலக்கைபோல் விறைத்து நிற்கும்.

அன்று காலை கணவர் ஆவுடையப்பனுக்கு வயிற்றோட்டம். தரையில் பாயில் கிடந்தவரைத் துடைக்கவும் துணி மாற்றவும் உட்கார்ந்து எழுந்ததிலேயே ஒன்று தவிர மடக்கெல்லாம் கரைந்துபோயிற்று.

"கெண்டைக்கால் இழுக்குட்டீ, கொஞ்சம் பிடிச்சு விடு" என்றார்.

உட்கார்ந்து பிடித்துவிட்டாள். கணக்கு முடிந்ததென்று மூட்டு இரண்டு முறை அதிர்ந்தது. அதுதான் கடைசி மடக்கு. விறைப்பதற்குள் எழுந்துகொண்டாள். பதினோரு மணிக்கு, அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் போய்விட்டார்.

பெண்கள் உடலைச் சுற்றி உட்கார்ந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் குனிந்து பார்த்தாள், கை எட்டவில்லை. சுவரோரம் போய் நின்றாள்.

"எங்கண்ணன் செத்துக் கெடக்கான், இவ கம்பம் கணக்கா நிக்கா பாரு" என்றாள் தென்காசியிலிருந்து வந்த நாத்தனார்.

யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அதில் உட்காரவும் கால் மடங்க வேண்டும். அதை அந்த நேரத்தில் யாரிடம் சொல்வது?

நாலு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். பாடையைத் தோளுக்கு ஏற்றியபோது அவர் முகம் அவள் கை உயரத்துக்கு வந்தது.

"நில்லுங்கய்யா!"

விறைத்த கால்களை இழுத்துக்கொண்டு வந்து கன்னத்தைத் தொட்டாள். அப்போதுதான் அழுகை வெடித்தது.

"ஏங்க, ஒண்ணே ஒண்ண நான் மிச்சம் வச்சிருக்கக் கூடாதா?"