சுபம் போடாத படம்

அடுத்த வருஷம் என்ன படம் என்று கேட்கிறார்கள். இந்த வருஷம் எடுத்த அதே படத்தைத்தான் மறுபடி எடுக்கப் போகிறேன்.

அது எங்கள் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிய படம். வெளியானதும் மஸ்கட்டிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். லீவு கிடைக்காமல் அம்மாவின் காரியத்துக்குக்கூட வர முடியாமல் போனவன்.

"அருமையா எடுத்திருக்க கோமு. கடைசில அம்மா ஆட்டோல வந்து இறங்கி, கேட்டைத் திறந்ததும் சுபம்னு போட்ட பாரு, அழுதுட்டேன்."

நான் சுபம் போடவே இல்லை. என் படம் ஆஸ்பத்திரியின் காலிக் கட்டிலோடு முடிகிறது. பார்க்கிறவர் மனசு எவ்வளவு தாங்குமோ அதற்கேற்ப முடிவை மாற்றிக் காட்டுவது இப்போது எல்லா ஓடிடி தளங்களிலும் வழக்கம்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவளும் நான்தான். அதற்காக, என் அம்மாவைப் பிழைக்க வைக்க இவர்கள் யார்?

எடுத்த காட்சிகளெல்லாம் அவர்கள் சொத்து. அதனால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஒரே முடிவுள்ள படத்தை எவனும் வாங்க மாட்டான் என்று கேமராமேன் விலகிக்கொண்டார். பரவாயில்லை, நானே எடுக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டிக் காட்டுவேன்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுல அம்மா செத்துருவாளா?"

"ஆமாண்ணே."

"அப்போ தேதிய முன்னாடியே சொல்லிரு. இந்தத் தடவை எப்படியாவது லீவு வாங்கிட்டு வந்துருதேன்."