உரிமையாளர்

அந்தக் கம்ப்யூட்டர் கேபினட் வேண்டாம் என்றாள்.

போன வாரம் அவளே தேர்ந்தெடுத்ததுதான். கறுப்பு நிறம், பக்கத்தில் வலை. கடைக்காரர் ஷாஜகான் பெட்டியைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தார். அவள் உள்விளிம்பை விரலால் தடவினாள். தகடு கூர்மையாக இருக்கிறது, கையைக் கிழித்துவிடும் என்றாள்.

அவர் வேறொன்றை எடுக்க உள்ளே போனார்.

மூன்று மாதமாக இப்படித்தான்.

முதலில் பிராசஸர். திரையில் படம் வரத் தனி கார்டு தேவைப்படாத, விலை குறைந்த ஒன்று. அதை முடிவு செய்ய நான்கு சனிக்கிழமைகள். பிறகு மதர்போர்டு. பழையது போதும் என்றாள். பழையதைக் கையில் வாங்கியதும் புதிது என்றாள். மறுபடி பழையதற்கே வந்தாள். எட்டு ஜிபி ராமை இரண்டு தடவை மாற்றினாள். பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்தாள். அதைப் பற்றியே அரை மணி நேரம் கேட்டாள்.

எதை எடுத்தாலும் கடைசியில் ஒரே கேள்வி. இதில் லினக்ஸ் ஓடுமா?

ஓடும் என்பார் ஷாஜகான்.

அவள் கைப்பையில், பூத்துவாலையில் சுற்றி, கணவனின் ஹார்டு டிஸ்க் இருந்தது.

அருளப்பன் ஆகஸ்டில் காவிரியில் போனான். படித்துறையில் செருப்பு ஜோடியாக இருந்தது. கால் வழுக்கியது என்று போலீஸ் எழுதியது. குளிக்கப் போகிறவன் செருப்பைக் கழற்றித்தானே வைப்பான் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். தேவைக்கு அதிகமாகவே சொன்னார்கள்.

அன்று காலை அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் இரேன் என்றான்.

பஸ் போய்விடும் என்று அவள் கிளம்பிவிட்டாள்.

பஸ் இருபது நிமிடம் தாமதமாக வந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின தினம் இடி விழுந்து கம்ப்யூட்டர் எரிந்துபோனது. டிஸ்க் மட்டும் தப்பியது. அதை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் அங்கிருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினாள். அருளப்பன் வைத்திருந்தது லினக்ஸ்; விண்டோஸுக்கு அது ஒன்றும் புரியவில்லை. இதைப் பயன்படுத்த முதலில் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும், அழிக்கட்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டாள்.

தானே திறந்து நகல் எடுத்துத் தருவதாக ஷாஜகான் முதல் நாளே சொன்னார். மறுத்துவிட்டாள். அதில் என்ன இருந்தாலும் வேறொருவர் கண்ணில் முதலில் படக் கூடாது.

புதிய கேபினட் வந்தது. விளிம்பு வழவழவென்று இருந்தது.

கேபிள் இருக்கிறதா என்றாள். இருந்தது. திருகுகள்? அவையும் இருந்தன.

"எல்லாம் சேந்தாச்சுக்கா," என்றார் அவர். "இனிமே வாங்க ஒண்ணுமில்ல. மாட்டிக் குடுத்துரவா?"

தானே மாட்டிக்கொள்வதாகச் சொன்னாள். ஒரு வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டாள்.

பத்து நாள் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஹாலில் உட்கார்ந்து கடைசித் திருகை முடுக்கினாள். சமையலறையில் அத்தை, அருளப்பனின் அம்மா, கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

பொத்தானை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது.

புதிய டிஸ்க்கில் லினக்ஸை ஏற்றும்போது அது பெயர் கேட்டது. அமலி என்று அடித்தாள்.

பிறகு துவாலையைப் பிரித்து அவனுடைய டிஸ்க்கை மாட்டினாள்.

திறக்காது என்று ஒரு மூலையில் நம்பியிருந்தாள். பாஸ்வேர்டு கேட்கும். இல்லாவிட்டால் உனக்கு அனுமதி இல்லை என்று சொல்லும். எதுவும் கேட்கவில்லை. அவனுடைய பாட்டுகள், ரசீதுகள், அண்ணன் மகளின் ஞானஸ்நானப் படங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

ஒரு படத்தின் விவரத்தைத் திறந்தாள்.

உரிமையாளர்: அமலி.

இன்னொன்று. அதுவும் அமலி.

காரணம் அவளுக்குத் தெரியும். படித்திருந்தாள். லினக்ஸுக்கு ஆட்கள் வெறும் எண்கள்தான். முதலில் வருகிறவருக்கு ஆயிரம் என்ற எண். அவனுடையதில் அவன் முதல் ஆள். இதில் இவள். எண் ஒன்றுதான் என்பதால் அவன் எழுதியதெல்லாம் இவள் எழுதியதாகிவிட்டது.

தெரிந்திருந்தும் மூன்றாவது ஒன்றைத் திறந்து பார்த்தாள்.

கோப்புகளைத் தேதி வாரியாக அடுக்கினாள். கடைசியாக வந்தது மேலே வந்து நின்றது.

அந்த நாள். காலை எட்டு ஐம்பது. அப்போது அவள் பஸ் ஸ்டாப்பில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பெயர்: அமலிக்கு.

அளவு: பூஜ்யம்.

உரிமையாளர்: அமலி.

திறந்தாள். வெள்ளை. இடது மூலையில் சின்னக் கோடு ஒன்று விட்டுவிட்டு மினுங்கியது.

சமையலறைச் சத்தம் நின்றிருந்தது. அத்தை பின்னால் நின்றார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது.

"ஏதாச்சும் எழுதி வெச்சிருக்கானா?"

ஐந்து மாதமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

"இல்லத்தை," என்றாள் அமலி. "ஒண்ணும் எழுதல."

அத்தை திரையையே பார்த்தார். நெற்றியில் தொடங்கி மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்ப வழுக்கினதுதான்."

அந்த முகம் அப்படித் தளர்ந்து அமலி பார்த்து வெகு நாளாகிவிட்டது. சோறு இறக்கிவிட்டேன், சாப்பிட வா என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தாளிக்கும் வாசனை வந்தது.

கோடு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

ஒரு எழுத்து அடித்துச் சேமித்தால் போதும். தேதி இன்றைக்கு மாறிவிடும். அந்த எட்டு ஐம்பது போய்விடும்.

அவள் கீபோர்டைத் தள்ளி வைத்தாள்.

பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி.