கையில் நின்ற ரோஷியா

"அண்ணை தமிழோ?"

அவர் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டுத்தான் வித்தியா ஆசையாகக் கேட்டாள். றெக்ஸ் செபஸ்தியாம்பிள்ளை. இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு வேறு யாராக இருக்க முடியும்?

"தெசோலே, மதாம்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்ட மனிதர், கோப்பியோடு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

வித்தியாவுக்குச் சுருக்கென்றது. பெரிய துரை!

மொன்றியலுக்குப் பக்கத்து லொங்குய்யில் ஜப்பானிய மொழி மன்றத்தின் போட்டி. மண்டபம் நிறையப் பேர் கலந்துகொண்டு, கடைசிச் சுற்றில் மிஞ்சியது இவர்கள் இரண்டு பேரும்தான். வென்றால் ஒசாகாவுக்குப் போய்வர விமான ரிக்கற்.

போன் அடித்தது. ஒசாகாவிலிருந்து தங்கச்சி.

"ஆர்த்திகா! கடைசிச் சுற்றுக்கு வந்திட்டனடி! உண்மையாத்தான்! ஏனடி அழுறாய்? அம்மா இல்லாட்டி என்ன, பிள்ளை பிறக்கேக்க அக்கா பக்கத்தில நிப்பன். வேலையும் போன நேரம், ரிக்கற்றைக் காசு குடுத்து வாங்க ஏலாது. இதை வெண்டாத்தான் வரலாம். வெல்லுவன், பயப்பிடாதை!"

பக்கத்தில் நின்றவருக்குத்தான் தமிழ் விளங்காதே. குரலை இன்னும் உயர்த்தினாள்.

"என்னோட போட்டிக்கு எங்கட ஆளொண்டு நிக்குது. தமிழ் தெரியாதாம்! கொழுப்பைப் பார். துரையை இண்டைக்கு ஒரு கை பார்க்கிறன்."

மன்றத் தலைவி மேடைக்கு அழைத்தார். ஆளுக்கொரு கயிறு, ஆளுக்கொரு கட்டுக் கொடி அட்டைகள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஜப்பானியப் பெயரை நினைத்து, ஜப்பானிய அகராதி வரிசைப்படி கயிற்றில் கொழுவ வேண்டும். முடித்து முதலில் மணியை அடிப்பவருக்கு ரிக்கற்.

லேசுப்பட்ட வேலையா அது? ஜப்பான்காரர் வாயில் நாடெல்லாம் வேறு ஆளாகிவிடும். இங்கிலாந்து அங்கே இகிரிசு. நம்மவர்கள் ஒல்லாந்து என்று சொல்லும் நெதர்லாந்து ஒராண்டா. ஜெர்மனி டொயிட்சு, சிறீலங்கா சுரிரங்கா. கனடா மட்டும் பாவம், அப்படியே கனடா.

ஆனால் வித்தியாவிடம் ஒரு சூட்சுமம் இருந்தது. ஜப்பானிய எழுத்து வரிசையும் ஏறக்குறைய நம்முடைய வரிசைதான். முதலில் அ இ உ எ ஒ, பிறகு க ச த ந என்று போகும். பெயரைத் தமிழில் நினைத்தால் போதும், வரிசை தானாக வரும். மொன்றியலிலேயே இது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவளுக்கு ஒரு பெருமை.

"தொடங்குங்கள்!"

அமெரிகா! இகிரிசு! ஒராண்டா! கனடா! வித்தியாவின் கை பறந்தது. சுரிரங்காவைக் கொழுவும்போது பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு.

"கானா… சானா… தானா… நானா…"

துரையின் வாய்தான், தமிழ் அரிச்சுவடி!

அடப் பாவி! கோபத்தில் அவள் திரும்பிப் பார்க்க, ஜெர்மனி நழுவி மேசைக்கடியில் போய் விழுந்தது. குனிந்து, தவழ்ந்து, அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அவருடைய கயிறு நிறைந்திருந்தது. கையில் ரஷ்யா மட்டும்தான் பாக்கி.

போச்சு. எல்லாம் போச்சு. தங்கச்சிக்கு என்ன சொல்வது?

ஆனால் மனிதர் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். ரஷ்யா, ஜப்பானியத்தில் ரோஷியா. மறந்துவிட்டது போலும்! வித்தியா விடுவாளா? டொயிட்சு, ஃபுரான்சு, மெகிஷிகோ, ரோஷியா! பாய்ந்து போய் மணியை அடித்தாள்.

மண்டபமே கைதட்டியது. அழுதாள், சிரித்தாள், தலைவியைக் கட்டிப்பிடித்தாள். ரிக்கற் கைக்கு வந்ததும் நேரே றெக்ஸின் முன்னால் போய் நின்றாள்.

"தமிழ் தெரியாதெண்டு நடிச்சனீங்கள் என்ன? கானா சானாவெல்லாம் காதில விழுந்தது!"

அவர் சிரித்தார். "நல்லாத் தெரியும், பிள்ளை."

"பேந்து ஏன் பொய்?"

"ஜப்பான் பார்க்க வேணுமெண்டு மூண்டு வருஷமாப் படிச்சனான். உம்மோட கதைச்சா எந்த ஊர், ஆற்ற பிள்ளை எண்டு போய், கடைசியில மனம் இளகிப்போடும் எண்டு பயம். அதுதான் வாயைத் திறக்கேல்லை."

சொல்லிக்கொண்டே கையில் இருந்த ரோஷியாவைக் கயிற்றில் அதன் இடத்தில் அழகாகக் கொழுவினார்.

"நீர்தான் போனில கொஞ்சம் மெல்லமாக் கதைச்சிருக்க வேணும், தங்கச்சி."