விழத் தெரிந்தவள்

"மச்சான், உங்க தங்கச்சி பண்றது கொஞ்சமாவது நல்லா இருக்கா?"

போனில் மாப்பிள்ளை. மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த இருமல் மருந்தை அப்படியே மேஜை மேல் வைத்தார்.

"என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு ஒருத்தியை ஒருத்தி இடிச்சுத் தள்ற ஆட்டமாம். பொம்பளைங்க ஆட்டம்! ரோலர் டெர்பின்னு பேரு. அதுல போய்ச் சேர்ந்திருக்கா. கை காலெல்லாம் கன்னிப் போய் வர்றா. நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க? நான் ஏதோ கை நீட்டிட்டேன்னுதானே?"

நியாயமான பேச்சு. மாப்பிள்ளை அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். அவருக்கு இப்படி ஒரு தலைகுனிவா?

தங்கைக்கு எப்போதுமே பொறுமை போதாது. போன வருஷம் ஒருநாள் பையும் கையுமாக வந்து நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள், "குடும்பம்னா அப்படி இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, இவரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று அடிக்கடி வந்து வலிக் களிம்பு வாங்கிப் போகிறவள். தரையில் ஒழுங்காக நடக்கத் தெரியாதவளுக்குச் சக்கரம் வேறா!

கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் கிளம்பினார்.

பழைய கிடங்கு ஒன்றைக் கழுவித் துடைத்து ஆடுகளம் ஆக்கியிருந்தார்கள். உள்ளே கால் வைத்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தலையில் கவசம், முழங்காலில் கவசம், காலில் சக்கரம். வட்டமாகச் சுற்றிவந்த பெண்கள் தோளால் இடித்தார்கள், இடுப்பால் தள்ளினார்கள், விழுந்து எழுந்து சிரித்தார்கள். முதுகில் ஆளுக்கொரு பட்டப்பெயர். 'லாரி', 'பூகம்பம்', 'ஏழரை'. தங்கையின் முதுகில் 'பஞ்சு' என்று எழுதியிருந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லாரி பின்னாலிருந்து வந்து பஞ்சை ஒரு இடி இடித்தாள். தங்கை உருண்டு போய்ச் சுவரோரம் கிடந்தாள்.

"ஐயையோ!" செருப்புக் காலோடு களத்துக்குள் ஓடினார்.

விசில் பறந்தது. அத்தனை பெண்களும் நின்ற இடத்திலேயே ஒரு காலை மடித்து மண்டியிட்டார்கள்.

தன்னிடம்தான் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நினைத்தார். பதற்றத்திலும் கொஞ்சம் கெத்தாகக்கூட இருந்தது.

"சரி சரி, எழுந்திருங்க. இனிமே இப்படிப் பண்ணாதீங்க."

"அது உங்களுக்கு இல்ல சார்," என்றபடி பயிற்சியாளர் அம்மா வந்தார். "ஒருத்தி அடிபட்டுக் கிடந்தா, அவ எழுந்திருக்கிற வரைக்கும் ஆட்டம் கிடையாது. எல்லாரும் மண்டி போட்டுக் காத்திருக்கணும். எங்க வழக்கம்."

தங்கை எழுந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். லாரியை மட்டும் வெளியே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"பின்னாலேர்ந்து இடிக்கக் கூடாது. இடிச்சவ வெளியே உட்காரணும்."

"உட்கார வச்சா ஆச்சா? பொம்பளையைப் போட்டு இந்த இடி இடிக்கிறதா? இதெல்லாம் காட்டுமிராண்டித்தனம்!" அவர் கத்தியது தகரக் கூரை வரை கேட்டது. தங்கையிடம் திரும்பினார். "கிளம்பு வீட்டுக்கு! மாப்பிள்ளை எவ்வளவு வருத்தப்படுறார் தெரியுமா?"



"அவளைப் பத்திக் கவலையே படாதீங்க சார்," என்றார் பயிற்சியாளர். "புதுசா வர்றவங்களுக்கு முதல் பாடமே விழறதுதான். எல்லாரும் கையை நீட்டிக்கிட்டு விழுவாங்க, மணிக்கட்டு போயிடும். விரலை விரிச்சு வைப்பாங்க, சக்கரம் ஏறிடும். அதை மாத்தறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடும். உங்க தங்கச்சி வந்த அன்னிக்கே, நான் ஒண்ணும் சொல்லித் தராமலே, முழங்காலை மடக்கி, தாடையை நெஞ்சோட ஒட்டி, ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டு விழுந்தா பாருங்க! 'அம்மா'ன்னு ஒரு சத்தம்கூட இல்ல. அதான் பஞ்சுன்னு பேர் வச்சோம். இதுக்கு முன்னாடி எங்க ஆடினேன்னு கேட்டா, சிரிச்சு மழுப்பிடுறா."

அண்ணனுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது.

"பரவாயில்லையே! எங்க கத்துக்கிட்டே?"

தங்கை தலைக்கவசத்தின் வாரை மெதுவாகக் கழற்றினாள்.

"சத்தம் போட்டா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்ணா. அப்படியே பழகிப் போச்சு."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு, குளியலறையில் வழுக்கி விழுந்த கதையெல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் கையாலேயே எடுத்துக் கொடுத்த களிம்பு எத்தனை!

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொல்லத்தானே வந்தேன்."

சட்டைப்பையில் போன் அடித்தது. மாப்பிள்ளை.

"என்ன மச்சான், நேர்ல பார்த்தீங்களா? நீங்களே சொல்லுங்க, நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

மருந்துக்கடைக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"என் தங்கச்சி இனிமே உங்க வீட்டுக்கு வரமாட்டா. நாலு பேர் சரியாத்தான் நினைப்பாங்க. அந்த நாலு பேர்ல ஒருத்தனா நான்தான் இத்தனை நாள் இல்லாமப் போயிட்டேன்."