ரப்பர் பேண்ட் போட்ட டப்பாக்கள்

பார்வை மங்கிய பவளக்கொடி அக்கா, மாத்திரையை மாற்றி விழுங்கி ஒருமுறை மயங்கி விழுந்தவர். கையால் தடவி எடுக்க, வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸான நான்தான் பழக்கினேன். காலை டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு டப்பாவுக்கு இரண்டு. இன்று போனால் எல்லா டப்பாவும் மொட்டையாக இருக்கின்றன.

“என் மகளைப் பொண்ணு பார்க்க வந்தாங்கம்மா. குருட்டு அம்மான்னு தெரிஞ்சா கட்டுவாங்களா? கழட்டிட்டேன்.”

“அதான் போயிட்டாங்களே, மாட்டுறேன்.”

“வேணாம். சம்பந்தி வீடு அடுத்த தெரு, சொல்லாம கொள்ளாம வருவாங்க. தாலி ஏறட்டும்.”

“அதுவரைக்கும் நீங்க இருக்கணும்ல?” கத்திவிட்டேன்.

“மெதுவா பேசு, நல்ல இடம்” என்று ஒரு டப்பாவைத் திறந்தார். கையைப் பிடிப்பதற்குள் விழுங்கியும் விட்டு, என்னைக் கேட்டார்:

“இது காலை மாத்திரைதானே?”